சுருட்டம்மாவுக்கு ஒரு புளியங்கொட்டை

புளியங்கொட்டையைக் கழுவி, ஒரு வெயில் காட்டி எடுத்து வைத்தால் எத்தனை வருடம் போனாலும் பழுதாகாது. அந்த அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் போத்தலைப் பாருங்கள். இந்த வாசிப்பு வட்டத்தைத் தொடங்கிய வருடம் நான் சேர்த்த கொட்டைகள் அவை. பக்கத்துப் போத்தலில் இருப்பது மஞ்சாடி விதை. சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. தேநீரைக் குடியுங்கள், தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த மழைக்குள் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள்.

மயூரதனின் சட்டத்தரணி உங்களை அனுப்பியிருக்கிறார். பொங்கலுக்கு அடுத்த கிழமை அவனுடைய வழக்கு மறுபடி எடுபடுகிறது. அதற்குள் என்னுடைய சத்தியக்கடதாசி வேண்டும். அதில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான், கோட்டர் என்பவர் யார் என்று. அதை நீங்கள் தட்டெழுதியே கொண்டு வந்துவிட்டீர்கள். வாசித்தேன், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். படித்த பிள்ளை, விளங்கிக்கொள்வீர்கள். குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரும் கேட்டால் நான் அப்படிச் சொல்லவில்லை என்பேன். வாகீசன் மாஸ்டரின் சொல்லை நம்பாதவர்கள் சாவகச்சேரியில் குறைவு.

இந்த டியூட்டரியில் உயர்தர மாணவருக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தைந்து வருடமாகிறது. அரசாங்கக் கச்சேரியில் நீங்கள் காணும் உத்தியோகத்தரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். எங்கள் பாடத்திட்டத்தில் தத்துவஞானிகள் ஆளுக்கு அரைப்பக்கம் வருவார்கள். பிறப்பு, இறப்பு, ஒரு மேற்கோள், அவ்வளவுதான். அரைப்பக்கத்துக்கு மேலே வாசிக்கிற மனிதர்கள் ஊரில் நாலுபேராவது வேண்டாமா என்று ஒரு நாள் கதிரவேலுவிடம் கேட்டேன். கதிரவேலு கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளன். முதலாம் வகுப்பில் இருந்து எனக்குப் பக்கத்தில் இருந்தவன். "தொடங்குவம் ஐசே" என்றான். அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு பின்னேரம், வகுப்புகள் முடிந்தபிறகு, இதே அறையில் கூடுவோம்.

யாரை வாசிப்பது என்பதில்தான் இப்படியான வட்டங்கள் உடையும். எங்களுடையது எட்டு வருடம் உடையாமல் இருந்ததற்கு அந்த இரண்டு போத்தல்கள்தான் காரணம். அரை வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு பேர் ஆளுக்கொரு சிந்தனையாளரை முன்மொழிந்து பேசுவார்கள். ஒருவருடைய ஆளுக்குப் புளியங்கொட்டை, மற்றவருடைய ஆளுக்கு மஞ்சாடி. எல்லார் கையிலும் இரண்டிலும் ஒவ்வொன்று கொடுப்பேன். செம்பு சுற்றி வரும். பொத்திய கையால் ஒன்றைச் செம்புக்குள் போட்டுவிட்டு, மற்றதை யன்னலால் வெளியே எறிந்துவிட வேண்டும். கையை உயர்த்தச் சொன்னால் எங்கள் சனம் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் உயர்த்தும். அதனால் இந்த ஏற்பாடு. எண்ணுவது நான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. உலகத்துச் சிந்தனையாளர்கள் மட்டும் தப்பிவிட முடியுமா? முதலில் வாசித்தவருக்குப் பெரிய தாடி, அவர் தாடியர். சிறைச்சாலைகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் மொட்டையர். பட்டம் வைப்பது எப்போதும் கதிரவேலு. வேடிக்கைக்குத் தொடங்கியதுதான். போனில் கதைக்கும்போது அந்தப் பெரிய பெயர்கள் வாயில் வராமல் இருப்பதும் நல்லது என்று பிறகு எல்லாரும் அதையே பழகிவிட்டோம்.

ஏனென்றால் புலனாய்வுப் பிரிவில் இருந்து எனக்கு மாதத்துக்கு ஒரு அழைப்பு வரும். ஊரில் ஒரு மாதர் சங்கம் நடத்தினாலும் வரும் அழைப்புத்தான். "மாஸ்டர், எப்பிடி? ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் கூடுறது. என்ன வாசிக்கிறது?" மரியாதையான குரல், நல்ல தமிழ். நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "சும்மா இலக்கியம் ஐயா." மற்ற எட்டுப் பேருக்கும் அதையே சொல்லி வைத்திருந்தேன். யார் கேட்டாலும் இலக்கியம். இங்கே வட்டம் நடத்துகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை, கேட்பவர்கள் உட்பட.

மயூரதன் இரண்டு வருடத்துக்கு முன் வந்தான். பருத்தித்துறைப் பெடியன். பரம்பரையாகக் கடலோடிகள். இவன் படித்து ஆங்கில ஆசிரியர் ஆனவன். வந்த முதல் நாளே என்னை "அண்ணை" என்றான். மற்ற எல்லாருக்கும் நான் மாஸ்டர். சிரித்தான் என்றால் கீழே பழக்கடைக்காரருக்குக் கேட்கும். தாடியரின் உபரி உழைப்பைப் பற்றி நான் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தி முடித்த ஒரு நாள், அவன் எழும்பிச் சொன்னான்: "எங்கடை மீன் சந்தையிலை ஏலம் கூறுற ஆள் கடலுக்கை கால் நனைச்சதே இல்லை. ஆனா முதல் மீன் அவருக்குத்தான். தாடியர் சொல்றது உதுதானே அண்ணை?" எல்லாரும் சிரித்தார்கள். கதிரவேலு தொடையில் அடித்துச் சிரித்தான். அவன் சொன்னது சரியும்கூட. என்னுடைய ஒரு மணித்தியாலம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

அந்த நாளில் இருந்து கவனிக்கத் தொடங்கினேன். உதயகலா ரீச்சர் கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போடுவார். நான் பேசும்போது குறிப்பெடுப்பவர்கள், அவன் பேசும்போது பேனையை வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவன் வரப் பிந்தினால் கதிரவேலு தனக்குப் பக்கத்துக் கதிரையில் குடையை வைத்து இடம் பிடிப்பான். அது நான் வழமையாக இருக்கும் கதிரை. எனக்கும் கதிரவேலுவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனில் கதைப்பது. எங்களுக்குக் கலியாணம் நடக்க முதல் இருந்தே, போனே இல்லாத காலத்தில் மதகில் இருந்து கதைத்த வழக்கம் அது. இப்போது அந்த நேரத்துக்கு எடுத்தால் அவனுடைய இலக்கம் வேறு அழைப்பில் இருந்தது. மறுநாள் கேட்டால், "சும்மா பெடியனோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். விசயகாரன் ஐசே, விட்டிட்டு எழும்பேலாது" என்பான்.

பொறாமைதான். அதை ஒளிப்பதற்கு நான் சின்னப் பிள்ளை இல்லை.  சோறு இறங்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய மனிதன், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சமத்துவம் படிப்பித்துக்கொண்டு நிற்கும்போது, கதிரவேலு அந்த நேரம் யாரோடு கதைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொறாமை வேறு, நியாயம் வேறு. நான் இரண்டையும் கலக்கவில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

போன தையில் முன்மொழிவு வந்தது. நான் சுருட்டம்மாவை முன்மொழிந்தேன். படத்தில் கையில் சிகரெட்டோடு இருப்பவர். "எங்கடை சனத்துக்குச் சுருட்டுத்தான் பொருந்தும்" என்று கதிரவேலு வைத்த பெயர். பெரிய கொடுமைகளைச் செய்பவர்கள் பேய்கள் அல்லர், யோசிக்க மறந்துபோன சாதாரண மனிதர்கள்தான் என்று எழுதியவர். இருபது வருடமாக நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அவரைத்தான். மயூரதன் முன்மொழிந்தவர் ஒரு காலனி நாட்டில் வைத்தியராக இருந்து, அடக்கப்பட்ட சனத்தின் கோபத்தைப் பற்றி எழுதியவர். இறந்து கனகாலம். அந்த நாட்டு வெயிலுக்குள்ளும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் படத்தில் நின்றார். கதிரவேலு பார்த்துவிட்டு, "கோட்டர்" என்றான். அவ்வளவுதான், கோட்டர் என்ற ஆள் பிறந்த கதை.

நான் நன்றாகப் பேசினேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு பேச்சு நான் பேசியதில்லை. மயூரதன் கொஞ்ச நேரம்தான் பேசினான், இடையில் இரண்டு தடவை தடுமாறினான். வென்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. செம்பு என்னிடம் வந்தபோது பெடியனை நினைத்தேன். அவனுக்கு ஒன்றுமே விழாவிட்டால் முகம் வாடிப்போகும். பெரிய மனிதன் பெரிய மனிதனாக நடக்க வேண்டும். என் மஞ்சாடியை அவனுடைய கோட்டருக்குப் போட்டேன்.

செம்பை மேசையில் கவிழ்த்தேன். எட்டு மஞ்சாடி, ஒரு புளியங்கொட்டை.

எட்டில் ஒன்று நான் போட்டது என்று சொல்லவும் முடியாது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த ஒற்றைப் புளியங்கொட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது கதிரவேலு போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரெல்லாம் அந்தப் பக்கம் போனாலும் அவன் என் பக்கம் நின்றிருக்கிறான். அந்தக் கிழமை முழுவதும் நான் அந்த ஒரு கொட்டையை நம்பித்தான் நடமாடினேன். சாப்பாடு இறங்கியது. கதிரவேலுவைக் கண்டபோது தோளில் கைபோட்டேன். அவன் ஏன் என்று விளங்காமல் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு கூட்டம் முடிய, மயூரதன் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் மட்டுவிலுக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். படலையடியில் ஒரு பையைத் தந்தான். அவனுடைய அம்மா பராசக்தி சுட்டுக் கொடுத்த பருத்தித்துறை வடை. போகாமல் நின்றான்.

"அண்ணை, ஒண்டு சொன்னா கோவிக்க மாட்டியளே?"

"சொல்லும் தம்பி."

"நான் உங்கடை ஆளுக்குத்தான் போட்டனான். நீங்கள் அண்டைக்குக் கதைக்கேக்கை, நான் பிழை விட்டிட்டன் எண்டு பட்டுது. எங்கடை சனம் முதல் வாசிக்க வேண்டியது சுருட்டம்மாவைத்தான். கோட்டர் பிறகு வரலாம். ஆனா நான்தானே கொண்டு வந்தனான், எழும்பி வேண்டாம் எண்டும் சொல்லேலாமல் போச்சு. அடுத்த முறை நீங்கள் திருப்பிக் கேளுங்கோ. நான் உங்களுக்காகக் கதைப்பன்."

நான் நன்றி சொன்னேன். வடையையும் வாங்கிக்கொண்டேன். அவன் போனபிறகு கதிரவேலுவுக்கு எடுத்தேன். நீர் அன்றைக்கு எதைப் போட்டீர் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா மனம் நோகப்படாது ஐசே. பெடியன்ரை ஆளுக்குத்தான்."

என் வட்டத்தில், என் அறையில், என்னுடைய செம்பில் எனக்கு விழுந்த ஒரே வாக்கு மயூரதன் போட்டது. நீங்கள் பெரிய மனது என்று நினைப்பீர்கள். நான் அவனுக்குப் போட்டேன், அவன் எனக்குப் போட்டான், கணக்குச் சரி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை, தங்கச்சி. நான் போட்டது இரக்கப்பட்டு. அவனும் அதைத்தான் செய்திருக்கிறான். நம்பிக்கையோடு போட்டேன் என்று அவன் சொன்னதெல்லாம் அந்தப் பிச்சையைச் சுற்றித் தந்த கடதாசி. தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எனக்கு இரங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு நான் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஒன்றாவது சட்டத்துக்குப் பிழை என்று நீங்கள் சொல்ல முடியாது.

கோட்டரின் ஒரு அத்தியாயத்தை மயூரதன் தமிழாக்கினான். வழமைபோல் என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணை திருத்தினாத்தான் அது தமிழாயிருக்கும்" என்றான். திருத்தினேன். அவன் 'அந்த நாட்டு மக்கள்' என்று எழுதிய இடங்களில் 'நாங்கள்' என்று போட்டேன். 'அவர்களது நிலம்' என்பதை 'எங்கள் மண்' ஆக்கினேன். அந்த நாட்டின் பெயர், நகரங்களின் பெயர், ஆறு, மலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வாயில் நுழையாத பெயர்கள் வாசகனைத் தூரத்தில் நிறுத்திவிடும் என்றேன். அவன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சம் கூடிப்போச்சோ அண்ணை?"

"வாசிக்கிறவனுக்குச் சுடவேணும் தம்பி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான் புகழ்ந்தால் அவனுக்கு அப்படித்தான். இப்போதும் சொல்வேன், அது நல்ல தமிழ். போட்டோக்கொப்பி எடுக்கும்போது, ஆசிரியரின் உண்மைப் பெயரும் வரலாறும் இருந்த முதல் பக்கத்தை விட்டுவிட்டேன். கடதாசி மிச்சம். மேலே 'கோட்டர்' என்றும், கீழே 'தமிழில் மயூரதன்' என்றும் இருந்தது. எங்கள் பிரதிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பங்குனியில் அந்த அழைப்பு வந்தது. "மாஸ்டர், என்ன வாசிக்கிறது?" எட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் உண்மையைச் சொன்னேன். இலக்கியம் மட்டும் இல்லை ஐயா, பருத்தித்துறையில் இருந்து மயூரதன் என்று ஒரு தம்பி வருகிறார், கோட்டர் என்று ஒருவருடைய எழுத்தைக் கொண்டுவந்து எங்களுக்கு வாசிக்கிறார், எங்களுக்கு அவ்வளவாக விளங்குவதில்லை என்றேன். இதில் எந்தச் சொல் பொய்?  "நன்றி மாஸ்டர்" என்றார்கள்.

சித்திரை வருடம் பிறந்து அடுத்த கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவனைக் கொண்டுபோனார்கள். வீட்டில் அந்தப் பிரதிகள் இருந்தன. போனில் கதிரவேலு அனுப்பிய செய்திகள் இருந்தன. 'கோட்டர் இந்த ஞாயிறு வருவாரோ?' என்று கதிரவேலு கேட்டிருக்கிறான். 'கட்டாயம் வருவார். இந்த முறை விடமாட்டார்' என்று மயூரதன் பதில் போட்டிருக்கிறான். எங்கள் நாட்டில் பட்டப்பெயர் என்றால் விசாரிப்பவர்களுக்கு அது இயக்கப்பெயர்தானே. முதல் நாள் விசாரணையில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். கோட்டர் செத்துப் போனார் ஐயா என்றானாம். யார் கொன்றது என்று கேட்டார்களாம். நோய் வருத்தம் வந்து செத்தவர் என்றானாம். எங்கே தாட்டீர்கள் என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை என்று பராசக்தி அம்மா சொன்னார்.

பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் நாள் இரவு எல்லாரையும் இந்த அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "வழமையாச் சொல்றதைச் சொல்லுங்கோ. இலக்கியம். தாடியரும் இல்லை, மொட்டையரும் இல்லை, கோட்டரை ஒருத்தருக்கும் தெரியாது. கூடக் கதைச்சா அவனுக்குத்தான் கூடாது." பயந்த சனம். அரசாங்க உத்தியோகம், பிள்ளைகள். எட்டு வருடமாகப் பழகின வாய். ஏழு பேரும் இலக்கியம் என்றார்கள். அவன் ஒருவன்தான் உள்ளேயிருந்து தத்துவம், தத்துவம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். கதிரை தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் நான், என் சொல்தான் மற்றவர்களின் சொல்லை நிறுத்தவோ கவிழ்க்கவோ போகிறது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கோட்டர் யார் என்று கேட்டார்கள். கோட்டர் எந்தத் தீவில் பிறந்தார், எந்த நகரத்தில் வைத்தியம் படித்தார், என்ன நோயில் இறந்தார் எல்லாம் எனக்குத் தெரியும். அவர் படம் போட்ட புத்தகம் இந்த அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களே போனில் தட்டிப் பார்த்திருப்பார்கள். அன்று பின்னேரமே அவன் வீட்டில் வடை தின்றிருப்பான்.

"எனக்குத் தெரியாது ஐயா. அதை மயூரதனைத்தான் கேட்கவேண்டும்" என்றேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டைப் பைக்குள் அந்தப் புளியங்கொட்டை இருந்தது. பேனையை எடுக்கும்போது அதுவும் விரலில் பட்டது.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். 

ஒரு மாதம் கழித்துக் கதிரவேலு இங்கே வந்து, நீங்கள் இருக்கும் அதே கதிரையில் இருந்து அழுதான். "போய் உண்மையைச் சொல்லுவம் ஐசே. நாங்கள் எல்லாரும் போவம். நீர் முதல் சொன்னீர் எண்டா மற்றாக்களும் சொல்லுவினம்." அவனுடைய பென்சனைப் பற்றிச் சொன்னேன். முதலில் ஒன்றும் பிறகு ஒன்றும் சொன்னால் அவனையும் உள்ளே வைப்பார்கள் என்றேன். அவனுடைய மகளின் விசாவைப் பற்றியும் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனான். அன்று இரவு சாப்பாடு முடிய எனக்கு எடுத்தான். அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கதைப்பது பெரும்பாலும் மயூரதனைப் பற்றித்தான். பரவாயில்லை. கதைப்பது என்னோடு.

ஆடியில் செம்பு மறுபடி சுற்றியது. நான் மறுபடி சுருட்டம்மாவை முன்மொழிந்தேன், வேறு ஒருவரும் எழும்பவில்லை. மஞ்சாடி யாருக்கென்று இல்லாமலே கொடுத்தேன், முறை முறைதானே. கவிழ்த்தபோது எல்லாமே புளியங்கொட்டை. யாரும் கைதட்டவில்லை. மயூரதனின் கதிரையை எடுக்க வேண்டாம் என்று உதயகலா ரீச்சர் சொன்னார், அதனால் அது அப்படியே இருக்கிறது. இந்த யன்னலால் எட்டிப் பாருங்கள். தையில் எல்லாரும் எறிந்த கொட்டைகள் இந்த மாரிக்கு முளைத்துவிட்டன. மதிலோரமாக நிற்பவை எல்லாம் புளியங்கன்றுதான்.

பராசக்தி அம்மாவைப் பார்க்கப் பருத்தித்துறைக்கு எல்லாருமாகப் போனோம். நான்தான் ஒழுங்குபடுத்தினேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இருக்கிறியள் எண்டுதான் தம்பி நான் உயிரோடை இருக்கிறன். பாக்கப் போகேக்கை எல்லாம் அவன் உங்களைத்தான் கேக்கிறவன். அண்ணை சுகமோ, சுருட்டம்மாவைத் தொடங்கியாச்சோ எண்டு. ஆர் மோனை அது எண்டு கேட்டா, சொல்லாமல் தலையைத்தான் ஆட்டுறான்."

இப்போது வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் கேட்கிறானாம். இடது பக்கம் கதைத்தால் விளங்குவதில்லையாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. எங்களுக்கு வடை கட்டித் தந்தார். இன்றும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார். நீங்கள் சாப்பிட்டது அதுதான். நல்ல கைப்பக்குவம்.

ஆகவே கோட்டர் யார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவன் வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை. இதற்கு மேல் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நீங்களும் சுருட்டம்மாவை வாசித்திருப்பீர்கள். அவர் சொல்லும் மனிதர்கள் யோசிக்காமல் செய்தவர்கள். மேலே இருந்து சொன்னார்கள், செய்தோம் என்றவர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு அடியையும் நான் இருந்து யோசித்து, இரண்டு பக்கத்து நியாயத்தையும் பார்த்துத்தான் வைத்தேன். அவருடைய கணக்கில் நான் வரமாட்டேன். இதை வட்டத்திலும் ஒரு நாள் பேச ஆசை, ஆனால் பேச முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடதாசியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சுருட்டம்மாவில் இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. மழையால் சில ஞாயிறுகள் விட்டுப் போயின, மாசிக்குள் முடிந்துவிடும். முடிந்த அன்றே கையெழுத்துப் போட்டு, யாழ்ப்பாணத்துக்கு நானே கொண்டுவந்து தருவேன். பொங்கலுக்குப் பிறகு வரும் தவணை தப்பினால் இன்னொரு தவணை வரும். இப்போது அவன் வந்துவிட்டால் யார் புத்தகத்தைத் திறப்பார்கள்? கதிரவேலு குடையை வைத்து இடம் பிடிப்பான். கதை முழுவதும் அவனைச் சுற்றித்தான் இருக்கும். இருபது வருடம் காத்திருந்து வந்த வாசிப்பு பாதியில் நின்றுவிடும்.

சட்டத்தரணியிடம் அப்படியே சொல்லுங்கள், மாஸ்டர் மாசி வரைக்கும் தவணை கேட்கிறார் என்று. பராசக்தி அம்மாவுக்கு விளங்காது. கதிரவேலுவுக்கும் விளங்காது. மயூரதனுக்கு விளங்கும், தங்கச்சி. அந்த ஒற்றைப் புளியங்கொட்டையைப் போட்டவனே அவன்தானே.